எந்தத் தோளு வலிக்குது, மருமகனே?

வா மருமகனே, உக்காரு. நம்ம திண்ணையில எதுக்கு விருந்தாளி மாதிரி ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்க? காபி வரும். அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு சொல்லு. எந்தத் தோளு வலிக்குது?

காலையில பஸ்ஸை விட்டு இறங்குனப்ப வலது தோளுன்ன. அடுப்படியில அத்தைகிட்ட இடது தோளுன்னு சொல்லியிருக்க. இதுக்கு நடுவுல தோட்டத்துலேருந்து ஒரு வாழைத்தாரைத் தூக்கிட்டு வந்து பட்டாசாலையில இறக்கின. எந்தத் தோளுல தூக்குனேன்னு நான் கேக்கல. சப்பரம் தூக்குறவன்தான் இப்படி தோளு மாத்தி தோளு மாத்திப் போவான். வலி அப்படிப் போய் நான் பாத்ததில்ல.

முழிக்காத. எனக்கு எல்லாம் தெரியும். உன் மக நேத்தே போன் போட்டுட்டா. "தாத்தா, அப்பா வர்ற ஞாயித்துக்கிழமை 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீந்தணும். பேரை வாபஸ் வாங்குறதுக்குக் காரணம் தேடிக்கிட்டு ஊருக்கு வர்றாரு"ன்னா. புள்ள புத்திசாலி. அம்மாவைக் கொண்டிருக்கா.

42 வயசுல உனக்கு சர்க்கரைன்னதும் டாக்டர் நீந்தச் சொன்னாரு, நீயும் போன, சர்க்கரையும் இறங்குச்சு. அது வரைக்கும் சரி. அப்புறம் எவனோ ஆசை காட்டி உன்னை மாஸ்டர்ஸ் போட்டியில கொண்டுபோய் விட்டான். மாஸ்டர்ஸுன்னதும் நான் வாத்தியாருங்களுக்கான போட்டின்னு நெனச்சேன். 25 வயசுக்கு மேல இருக்கறவங்க அஞ்சஞ்சு வயசுக்கு ஒரு கூட்டமா பிரிஞ்சு மோதுறதாமே? நீ 45லேருந்து 49 வரைக்கும் உள்ள கூட்டமாம். 1986லயே டோக்கியோவுல உலகப்போட்டி நடத்திட்டாங்களாம். நரைச்சவனெல்லாம் டவுசரைப் போட்டுக்கிட்டு வரிசையா நிப்பான், பாக்கவே நல்லாத்தான் இருக்கும்.

அதுல எது சுளுவோ அதை நீந்திட்டுப் போறதுதானே? நீ ஏன் 200 பட்டர்ஃபிளைக்குப் பேர் குடுத்தே, சொல்லட்டுமா? போன வருசம் அதுல உன் வயசுக் கூட்டத்துல ஒருத்தனும் இறங்கலை. நீ பேங்குல கணக்குப் பாக்கறவன், கணக்குப் போட்ட. ஆளில்லாத ஓட்டத்துல தவழ்ந்து போனாலும் தங்கம்னு. பந்தியில யாரும் உக்காராத இலையாப் பாத்து உக்காந்தா பாயசம் பூரா நமக்குத்தான்னு ஒரு நெனப்பு. பட்டியல் வந்துச்சு. உன் பேருக்குக் கீழ இன்னும் ரெண்டு பேரு. அதுல ஒருத்தன் பட்டாளத்துல நீந்துனவன். அன்னைக்குப் புடிச்ச தோளு வலி!

சிரி, சிரி. சிரிச்சா தோளு குலுங்குது பாரு, வலிக்கலையே.

இப்ப நெசத்தைச் சொல்லு. உனக்குத் தண்ணி பயமா? வேளச்சேரியில, 1995ல தெற்காசியப் போட்டிக்குன்னு கட்டுன அந்த 50 மீட்டர் குளத்துல அஞ்சு வருசமா தவளை மாதிரி கெடக்கற. தண்ணி பயம் கெடையாது. தூரம் பயமா? நாலு நீளம்தானே. தெனமும் காலையில முப்பது நாப்பது நீளம் போறேன்னு நீயே பீத்திக்கிட்ட. உன் பயம் எங்க இருக்குன்னு நான் சொல்றேன். மூணாவது நீளத்துல கை ரெண்டும் ஈரச்சாக்கு மாதிரி கனக்கும். மத்த ரெண்டு பேரும் முடிச்சுட்டு கயித்தைப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குவான். குளம் பூரா காலி. நீ ஒருத்தன் மட்டும் நடுவுல தொப்பு தொப்புன்னு அடிச்சுக்கிட்டு வர்ற. படிக்கட்டுல இருக்கற சனம் முழுக்க உன்னையே பாக்குது. ராத்திரி தூக்கத்துல வர்றது இதுதானே? அப்படின்னா பயம் கரையில உக்காந்திருக்கு. நீ தோளுக்குத் தைலம் தேச்சா அது எப்படிப் போகும்?

உனக்கு ஒம்பது வயசு இருக்கும், நம்ம கெணத்துல உனக்கு நீச்சல் பழக்குனேன். ஞாபகம் இருக்கா? முதுகுல சொரப்புருடையைக் கட்டி இறக்கிவிட்டா, நீ ஏழாவது படியில பல்லி மாதிரி ஒட்டிக்கிட்ட. "மாமா தள்ளிராதீங்க, மாமா தள்ளிராதீங்க." நான் தள்ளவே இல்ல. மேல மோட்டார் ரூம்புகிட்ட உங்கம்மா கையில முறுக்கு வச்சுக்கிட்டு நின்னா. முறுக்கைப் பாத்தியோ, அவ முகத்தைப் பாத்தியோ, நீயா குதிச்ச. பத்து நாளு கழிச்சு உனக்குத் தெரியாம புருடையில ஒரு ஓட்டையப் போட்டேன். அது பாதிக்கு மேல தண்ணி ஏறிக் கெடக்க, நீ பாட்டுக்கு மெதந்துக்கிட்டு இருந்த. இத்தனை வருசம் இதை உன்கிட்ட சொல்லலை. நீ எதைப் புடிச்சுக்கிட்டு மெதக்கறேன்னு நெனைக்கறியோ, அது பாதி நேரம் ஓட்டைதான்ப்பா.

இப்ப உன் பட்டர்ஃபிளைக்கு வருவோம். அது என்னமோ வானத்துலேருந்து இறங்கி வந்த நீச்சல்னு பயப்படுற. உன் மக செல்லுல படிச்சுக் காட்டுனா. அது கள்ளத்தனத்துல பொறந்த நீச்சலாம்! 1930கள்ல அமெரிக்காவுல மார்பு நீச்சல் அடிச்சவன் ஒருத்தன் பாத்திருக்கான்: "கையைத் தண்ணிக்கு மேல தூக்கி வீசக்கூடாதுன்னு விதியில எங்கயும் எழுதலையே!" வீசிட்டான். வேகமாப் போச்சு. நடுவருங்க தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னாங்க. இருபது வருசம் மல்லுக்கட்டிப் பாத்துட்டு, 1952ல இது தனி நீச்சல்னு பிரிச்சு விட்டு, 1956ல மெல்போர்ன் ஒலிம்பிக்குல தனிப் போட்டியா வச்சாங்க. அப்படியாப்பட்ட கேடி நீச்சலுக்கு நீ போய் பத்தினி மாதிரி பயப்படலாமா?

இன்னொரு சங்கதி. காலு ரெண்டையும் ஒண்ணாச் சேத்து மீன் வாலு மாதிரி அடிச்சு அடிச்சுத்தானே உனக்கு மூணாவது நீளத்துல இடுப்பு விட்டுப்போகுது? மாஸ்டர்ஸ் விதியில, ஒரு வீச்சுக்கு ஒரு தவளை உதை உதைச்சுக்கலாம்னு அனுமதி இருக்காமே. அந்த நீச்சல் பொறக்கும்போது இருந்த காலே தவளைக் காலுதானே, அப்ப அதுதான் அசலு. உதை. அது மட்டுமில்ல, அந்த மேடை மேலேருந்து பாய பயமா இருந்தா தண்ணிக்குள்ள இறங்கி சுவத்தை உதைச்சும் கெளம்பலாமாம். வயசானவங்களுக்குன்னு வழி வச்சுத்தான் எழுதியிருக்காங்க. நீதான் படிக்காமயே வேர்க்குற. ஒண்ணே ஒண்ணுல மட்டும் கவனமா இரு. திரும்பறப்பவும் முடிக்கிறப்பவும் ரெண்டு கையும் ஒண்ணா சுவத்துல படணும், சம்பந்தி வீட்டுல தாம்பூலத் தட்டு வாங்குற மாதிரி. ஒத்தைக் கையை நீட்டுனா தகுதி போச்சு.

சரி, எப்படி நீந்தறதுன்னு கேக்கறியா? நீந்தத் தெரிஞ்சவன்கிட்ட நீச்சலு கேளு. என்கிட்ட கமலை கேளு. கமலையில மாடு சரிவுல இறங்குறப்ப சால் நெறைஞ்சு மேல வரும். பின்னாலயே நடந்து மேடேறுறப்ப சால் காலியா கெணத்துக்குள்ள இறங்கும். இறங்குறது இழுப்பு, ஏறுறது இளைப்பாறல். ஒண்ணு வேலை, ஒண்ணு ஓய்வு. பொழுது விடிஞ்சு உச்சி வரைக்கும் மாடு தாங்குதுன்னா அந்த ஓய்வுனாலதான். புதுசா வடத்துல உக்காந்த பயலுவ மாட்டை ஏறும்போதும் வெரட்டுவானுங்க. பத்து மணிக்கு மாடு நாக்கைத் தள்ளிரும். நீ குளத்துல அடிக்கறதை உன் மக படம் புடிச்சு அனுப்புனா, பாத்தேன். கையை வெளிய எடுத்து வீசுறப்பவும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் வீசுற. எதுக்கு? கை தண்ணிக்குள்ள இருக்கறப்ப இழு. வெளிய வந்துட்டா தளத்தி விடு, அது தானாப் போய் விழும். ஒரு வீச்சுக்கு ஒரு ஓய்வு உன் பையிலயே இருக்கு. நீ செலவழிக்க மாட்டேங்குற.

மூச்சு முட்டுதுன்னும் சொன்னியாம். மேலத்தெரு டாக்டரு பையன்கிட்ட கேட்டேன். பாதி நேரம் காத்து பத்தாம முட்டுறதில்லையாம். உள்ள இருக்கற கரியமில வாயு வெளிய போகாம தேங்குனாலே முட்டுமாம். நீ பயத்துல மூச்சை இறுக்கிப் புடிச்சுக்கிட்டே போற. வீட்டுல பழசு கெடக்கறப்ப புதுசை எங்க வைப்ப? முகம் தண்ணிக்குள்ள இருக்கறப்பவே புஸ்ஸுன்னு ஊதி விட்டுரு. மேல வந்தா தானா உள்ள ஏறும்.

முதல் நீளத்தை, பாக்கறவன் "இவன் என்ன தூங்குறானா"ன்னு கேக்கற மாதிரி போ. அந்தப் பட்டாளத்தான் பறப்பான், பறக்கட்டும். பந்தியில முதல் சாதத்துக்கே சாம்பாரைக் குளம் கட்டுனவன் ரசத்துக்கு வர்றதில்ல.

அப்புறம், எண்ணிக்கிட்டே போ. ஒரு நீளத்துக்கு உனக்கு 27 வீச்சாமே? நாலு நீளத்துக்கு எத்தனை ஆச்சு? 108. பாத்தியா, சாமிக் கணக்கு! உன்னைப் பெக்கணும்னு உங்கம்மா மேட்டுப் பிள்ளையார் கோயில் அரசமரத்தை தெனமும் 108 சுத்து சுத்துனா. ஒரு நாளாவது முழங்காலு வலிக்குதுன்னு வாபஸ் வாங்கியிருந்தா இன்னைக்கு நீயும் இல்ல, உன் தோளும் இல்ல. ஏத்தம் எறைக்கிறவன் பாட்டுலயே சாலை எண்ணுவான். எண்ணறவனுக்கு இன்னும் எத்தனை இருக்குங்கற மலைப்பு வராது, அடுத்தது எதுங்கறது மட்டும்தான் கண்ணுல நிக்கும். இதை நான் சொன்னா பட்டிக்காட்டுப் பேச்சு. அந்த அமெரிக்காக்காரன், மைக்கேல் பெல்ப்ஸு, 2008ல பெய்ஜிங்குல இதே 200 பட்டர்ஃபிளையில இறங்குனான். கண்ணாடிக்குள்ள தண்ணி பூந்து சுவரே தெரியல. என்ன பண்ணான்? வீச்சை எண்ணிக்கிட்டே வந்து சுவத்தைத் தொட்டான். 1 நிமிசம் 52.03 வினாடி, உலக சாதனை. அவன் கண்ணு தெரியாம எண்ணுனான். நீ கரையில யாரு பாக்கறான்னு தெரியாம இருக்க எண்ணு.

பயப்படாதன்னு நான் சொல்லவே மாட்டேன். வாடிவாசல்ல நிக்கறப்ப ஒருத்தனுக்குக் காலு நடுங்கலைன்னா, அவனை முதல்ல ஊதச் சொல்லுவோம். குடிச்சிருக்கான்னு அர்த்தம். நடுங்கட்டும், நடுங்கிக்கிட்டே நில்லு. ஆனா ஒண்ணு, நெசமாவே நெஞ்சு வலி, கிறுகிறுப்புன்னு ஏதாச்சும் இருந்தா இந்தக் கெழவன் பேச்சைக் கேக்காத, நேரா டாக்டர்கிட்ட போ, கார் வாடகை நான் தர்றேன். போன மாசம்தான் ஈசிஜி எடுத்து நல்லா இருக்குன்னு சொன்னாங்களாமே? அதுவும் உன் மக சொன்னதுதான்.

ஜப்பான்ல ஒரு பாட்டி, மியெகோ நாகஓக்கான்னு பேரு. 80 வயசுக்கு மேலதான் நீச்சலே கத்துக்கிட்டுச்சு. 2015ல, 100 வயசுல, 1500 மீட்டரை மல்லாக்கவே நீந்தி முடிச்சுது. 1 மணி 15 நிமிசம் 54 வினாடி. யோசிச்சுப் பாரு. ஒண்ணேகால் மணி நேரம் அது ஒருத்தி நீந்தறதை ஊரே பாத்துக்கிட்டு இருந்திருக்கும். பாக்கறாங்களேன்னு அந்தப் பாட்டி குப்புறப் புரண்டு ஓடலையே. உன்னை எத்தனை நேரம் பாப்பாங்க? அவனுங்க முடிச்சதுக்கப்புறம் ஒரு நிமிசம் இருக்குமா? அதுலயும் பாதிப் பேரு வடையைப் பாத்துக்கிட்டு இருப்பான்.

இன்னும் யோசனை ஓடுதா? மூணு பேருதானே இறங்குறீங்க? விதி தப்பாம சுவத்தைத் தொட்டா மூணாவது ஆளுக்கும் வெண்கலம். இந்தக் கணக்கு பேங்குக்காரனுக்கு ஏன் வரலைன்னுதான் எனக்கு ஆச்சரியம்.

காபி வந்துருச்சு, குடி. உங்க அத்தை உள்ள போகட்டும், ஒண்ணு சொல்றேன்.

எனக்கு அப்ப இருபது வயசு. ஊர்ப் பெரிய கெணத்துல சித்திரைத் திருவிழாவுக்குப் போட்டி. மேட்டுலேருந்து குதிச்சு அடியில போய் ஒரு கைப்பிடி மண்ணு எடுத்துட்டு வரணும். இந்த வட்டாரத்துலயே என்னைவிட ஆழம் முங்குறவன் கெடையாது. அன்னைக்குக் காலையில கெணத்தைச் சுத்திக் கூட்டத்தைப் பாத்தேன். பொம்பளைப் புள்ளைக ஒரு பக்கம் முழுக்க நிக்குதுக. மண்ணில்லாம வெறுங்கையோட மேல வந்தா என்ன ஆகும்னு ஒரு நெனப்பு வந்துச்சு. வெளக்கெண்ணெய்யில பஞ்சை நனைச்சுக் காதுல வச்சுக்கிட்டு, "காது குத்தல்"னு சொல்லிட்டு வேப்பமரத்தடியில போய் உக்காந்துட்டேன். கீழத்தெருக்காரன் ஒருத்தன் ஜெயிச்சான். என் ஆழத்துல பாதி முங்க மாட்டான்.

அம்பது வருசமாச்சு. இப்பவும் டீக்கடையில கெணத்துப் பேச்சு வந்தா அவன் பேருதான் வரும். மண்ணை எடுத்துட்டு வந்து அவன் கையைத் தூக்கிக் காட்டுனதை, பாக்காதவன்கூட பாத்த மாதிரி சொல்லுவான். நான் பக்கத்து பெஞ்சுல உக்காந்து ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுக்கிட்டு இருப்பேன்.

காது நல்லாத்தான் கேக்குது, மருமகனே.