நடை எத்தனை அடி?

சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டேப் இருந்தால், அவர் மனை வாங்கிவிட்டார் என்று பொருள். அடுத்தவர் கிரகப்பிரவேசத்துக்குப் போனால் காபியை வாங்குவதற்கு முன்னால் ஹாலை அளப்பார். கல்யாணப் பந்தியில் ரசத்தைத் தொட்டு இலையிலேயே பெட்ரூம் போடுவார். “கொஞ்சம் தள்ளி ஊத்துப்பா, அது பூஜை ரூம்” என்று பாயசக்காரரை ஒருவர் தடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அவருக்குக் கூடுவாஞ்சேரியில் அரை கிரவுண்டு. 30க்கு 40, மொத்தம் 1,200 சதுர அடி. விதிப்படி இடம் விட்டு, காரையும் நிறுத்தியபின் மிச்சமிருப்பதில்தான் மனிதர்கள் குடியிருக்க வேண்டும். அவர் மனசில் இருப்பதோ கும்பகோணம் பக்கத்துத் தாத்தா வீடு: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை. திண்ணை சிட்-அவுட்டாகச் சுருங்கியது. முற்றம் கூரையில் ஒரு கண்ணாடிச் சதுரமாக மேலே போய்விட்டது. ரேழியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார்.

நடுவில் மனையடி சாஸ்திரம் வேறு. 10 அடி நல்லது, 11 நல்லது, 12ம் 13ம் ஆகாது. ஆகவே 12 அடிக்கு வரவேண்டிய அறைகள் 11க்கு இறங்கின. கட்டில் போட்டால் பீரோ பாதிதான் திறக்கும். செல்வம் சேரும், எடுக்கத்தான் முடியாது.

பெரிய பஞ்சாயத்து அந்த ரேழியில், அதாவது வாசல் நடையில்தான். வாசலில் நிற்கிற கொரியர்காரருக்குச் சமையலறை தெரியக்கூடாது என்பது மனைவி கட்சி. வாசலில் நின்றால் கொல்லைக் கதவு நேராகத் தெரியவேண்டும், அப்போதுதான் காற்று வரும் என்பது அம்மா கட்சி. மகனுக்கு ஷூ ராக் போதும். இன்ஜினீயர் யார் மனசும் ரொம்பக் கோணாமல், மூன்றடி அகலத்தில் ‘ட’ மாதிரி ஒடித்து ஒரு நடை போட்டுக் கொடுத்தார்.

அந்த பிளானை டைனிங் டேபிளில் விரித்து, நாலு மூலைக்கும் டம்ளர் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் கேட்டார்:

“எல்லாம் சரிடா. நான் போயிட்டா, ஐஸ் பெட்டி இந்த முடுக்குல திரும்புமா?”

“என்ன அத்தை, வெள்ளிக்கிழமையும் அதுவுமா!” என்று மருமகள் பதறினார். இவர் பதறவில்லை. டேப்பை எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. டீக்கடையில் இரவல் வாங்கிய நீள பெஞ்சைத் தம்பி மகன்கள் இருவரும் ஆளுக்கொரு முனையில் தூக்கிக்கொண்டு கோட்டுக்குள்ளேயே திரும்பப் பார்த்தார்கள். முன்னால் போனவன் சமையலறைச் சுவரைத் தாண்டி அடுப்பு மேல் நின்றான். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்து மேற்பார்வை. “தலைமாட்டைக் கொஞ்சம் தூக்குடா, சாயுது பாரு.”

“நாலடி இல்லாம திரும்பாதுங்க” என்றார் மேஸ்திரி.

அந்த ஓரடிக்கு எங்கே போவது? சமையலறையில் கை வைக்க மனைவி விடவில்லை. பூஜையறையில் கை வைக்க இவருக்குத் துணிவில்லை.

“என் ரூம்ல எடுத்துக்க” என்றார் அம்மா. “பெட்டி வர்ற அன்னிக்கு எனக்கு ரூம் எதுக்கு?”

எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர் மட்டும் மனையடி சாஸ்திரத்தைப் புரட்டினார். அம்மா அறை 11லிருந்து 10 ஆகும்.

“பத்தும் நல்ல அளவுதாம்மா” என்றார்.