நீ எத்தனை மேட்ச் ஆடியிருக்கே?

அப்போதெல்லாம் எங்கள் ஊர் டீக்கடையில் கிரிக்கெட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல லைசென்ஸ் வேண்டும். ஊரிலேயே அதை வைத்திருந்தவர் ஒருவர்தான். மெட்ராஸில் படிக்கப் போன காலத்தில் லீக்கில் ஐந்தாவது டிவிஷன் ஆடியவர்; அதனால் அவர் டிவிஷன் அண்ணன். அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் ஊரில் யாரும் கிடையாது. ஆனால் அவர் வீட்டுப் பரணில் ஒரு ஜோடி பேடு இருந்தது. ஆயுத பூஜைக்கு அதைக் கீழே இறக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எங்களுக்கு அந்த அத்தாட்சி போதும்.

என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை. தெரு ஆட்டத்தில் நான் ஒப்புக்குச் சப்பாணி. ஆள் குறைந்தால் இரண்டு பக்கத்துக்கும் ஃபீல்டிங். குறையாவிட்டால் சாக்கடையில் விழுந்த பந்தை எடுத்துக் கழுவித் தருவது, நோட்டில் ஸ்கோர் எழுதுவது. ஸ்கோர் எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆடுகிறவன் தன் முறை முடிந்ததும் மரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம், இவன் எல்லாருடைய பந்தையும் பார்த்தாக வேண்டும். எவன் லெக் பக்கம் ஒதுங்குகிறான், எவன் கையை மடக்கி மாங்கா அடிக்கிறான் எல்லாம் அத்துப்படி ஆகிவிடும். வாயைத் திறக்காத வரை அதனால் தொந்தரவு இல்லை.

1986 செப்டம்பர் 22 அன்று நான் வாயைத் திறந்தேன். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட், கடைசி நாள். 348 எடுத்தால் ஜெயம். கடை ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது. கடைசி ஓவர், கிரெக் மாத்யூஸ் போடுகிறார், கையில் ஒரு விக்கெட், தேவை 4 ரன். ரவி சாஸ்திரி முதலில் இரண்டு எடுத்தார், அப்புறம் ஒன்று. ஸ்கோர் சமம். பாக்கி மூன்று பந்தையும் மணிந்தர் சிங் ஆட வேண்டியதாயிற்று. அவர் அதில் இரண்டாவதிலேயே எல்பிடபிள்யூ. 347-க்கு ஆல் அவுட், டெஸ்ட் டை. 1960-இல் பிரிஸ்பேனில் நடந்ததற்குப் பிறகு உலகத்திலேயே இரண்டாவது.

"சாஸ்திரி அந்த ஒரு ரன்னை எடுத்திருக்கக் கூடாதுண்ணே. மூணு பந்தையும் அவரே ஆடியிருக்கணும்" என்றேன்.

டிவிஷன் அண்ணன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். "தம்பி, நீ எத்தனை மேட்ச் ஆடியிருக்கே?"

கடை சிரித்தது. அதோடு விவாதம் தீர்ந்தது. தோற்பதற்கு வழியில்லாமல் செய்துவிட வேண்டும் என்றுதான் ஒரு ரன் எடுத்ததாகச் சாஸ்திரி பின்னாளில் விளக்கம் சொன்னார். நல்ல பதில், நின்று யோசிக்க வேண்டிய பதில். டிவிஷன் அண்ணன் இதையே சொல்லியிருந்தால் நானும் ஏதோ கற்றுக்கொண்டிருப்பேன். அவர் சொன்னது பேடு.

நான் கவனித்தது வேறொன்று. எனக்குப் பக்கத்தில் நின்ற அரிசிக் கடைக்காரர், "சாஸ்திரி செஞ்சதுதாங்க கரெக்டு" என்றார். அவர் ஜென்மத்தில் மட்டையைத் தொட்டவரில்லை. தராசைத் தவிர எதையும் பிடித்ததில்லை. அவரை அண்ணன் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. தலையாட்டினார். அன்றிலிருந்து பார்த்து வருகிறேன், கவாஸ்கர் மேதை என்று சொல்ல எவனுக்கும் ஒரு மேட்ச் கூட ஆடியிருக்க வேண்டியதில்லை. கவாஸ்கர் இன்றைக்குக் கட்டை போட்டார் என்று சொல்லத்தான் முன்னனுபவம் தேவை.

இத்தனைக்கும் அந்த நாட்களில் நாங்கள் கிரிக்கெட்டைப் பார்த்ததே காதால்தான். வானொலியில் தமிழ் வர்ணனை சொன்ன அப்துல் ஜப்பார் நாடகங்களில் நடித்த குரல். அவர் சொன்னால் பந்து போகிற திசையில் எங்கள் கழுத்து திரும்பும். ஐயா, தாங்கள் எத்தனை ரன் எடுத்திருக்கிறீர்கள் என்று யாரும் அவருக்குக் கார்டு போட்டதாகத் தெரியவில்லை. சமையலறையில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு முழு டெஸ்டையும் கேட்ட என் அத்தையையும் யாரும் கேட்டதில்லை. அவளுக்குக் கருத்து இருக்கும் என்றே யாருக்கும் தோன்றாததுதான் காரணம்.

ஆடிய அனுபவத்துக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கல்லூரியில் ஒருநாள் ஆள் குறைந்து, கார்க் பந்துக்கு எதிரே என்னைக் கடைசி ஆளாக இறக்கிவிட்டார்கள். பந்து வந்ததைப் பார்க்கவில்லை, தொடையில் பட்டதைத்தான் பார்த்தேன். வாரக்கணக்கில் ஊதா நிறம். அதற்கப்புறம் ஷார்ட் பந்துக்கு ஒதுங்குகிற எந்த பேட்ஸ்மேனையும் நான் தொடைநடுங்கி என்று சொன்னதில்லை. உடம்புக்குத் தெரிகிற சங்கதிகள் உண்டு, அவை ரேடியோவில் வராது. ஆனால் சாஸ்திரி ஒரு ரன் எடுத்தது சரியா என்பதைப் பற்றி என் தொடைக்கு ஒரு கருத்தும் இல்லை.

இப்போது ஊரில் டீக்கடை இருக்கிறது, ரேடியோ இல்லை. ஐ.பி.எல். ஆட்டத்தைத் தமிழிலேயே டிவியில் சொல்கிறார்கள். ஸ்ரீகாந்த், பத்ரிநாத் என்று இந்தியாவுக்கு ஆடியவர்கள் நடுவில் ஆர்.ஜே. பாலாஜி உட்கார்ந்து வெளுத்து வாங்கினார், ஜனம் ரசித்தது. டிவிஷன் அண்ணனுக்குப் பேரன் இருக்கிறான், கைபேசியில் ஸ்ட்ரைக் ரேட்டை வைத்துக்கொண்டே பேசுகிறவன். போன சீசனில் அண்ணன், "முதல் ஆறு ஓவர் விக்கெட்டைக் காப்பாத்திக்கணும்டா" என்றார். பேரன் தலை நிமிராமல் கேட்டான்: "தாத்தா, நீங்க டி20 ஆடியிருக்கீங்களா?" பரணில் இருந்த பேடு அந்த நிமிஷம் காலாவதியாயிற்று. எனக்கு அடக்க முடியாத சந்தோஷம் வந்தது. அண்ணன் சொன்னது அன்றைய பிட்ச்சுக்குச் சரி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

இந்த ஏணிக்கு உச்சிப்படியே கிடையாது. 2019 உலகக் கோப்பையின்போது சஞ்சய் மஞ்ச்ரேக்கர், அதில் கொஞ்சம் இதில் கொஞ்சம் ஆடுகிறவர் என்ற பொருளில் ரவீந்திர ஜடேஜாவைக் குறைத்துப் பேசினார். நீங்கள் ஆடியதைப் போல் இரண்டு மடங்கு ஆட்டம் ஆடிவிட்டேன், இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று ஜடேஜா திருப்பிக் கொடுத்தார். 37 டெஸ்ட் ஆடிய மனிதரே டீக்கடைப் பெஞ்சுக்கு வந்துவிட்டார். ஒரு வாரம் கழித்து மான்செஸ்டர் அரையிறுதியில் ஜடேஜா 59 பந்தில் 77 அடித்தார். பதில் என்றால் அதுதான் பதில், முதலில் சொன்னது வெறும் எண்ணிக்கை.

அதே வருஷம் நவம்பரில் ஈடன் கார்டனில் இந்தியாவின் முதல் பிங்க் பந்து டெஸ்ட், எதிரே வங்கதேசம். வர்ணனையில் மஞ்ச்ரேக்கரும் ஹர்ஷா போக்ளேயும். போக்ளே அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்தவர், முதல்தரக் கிரிக்கெட் ஆடாதவர். பந்து சரியாகக் கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஆட்டக்காரர்களைக் கேட்க வேண்டும் என்றார் அவர். கேட்க வேண்டியது உங்களுக்குத்தான், ஆடிய எங்களுக்குத் தெரியும் என்கிற மாதிரி மஞ்ச்ரேக்கர் சொன்னார். இதில் உள்ள கூத்தைக் கவனியுங்கள். ஆடாதவர் ஆடுகிறவனைக் கேட்போம் என்கிறார், ஆடியவர் கேட்கவே வேண்டாம் என்கிறார். அந்த டெஸ்டில் லிட்டன் தாஸ், நயீம் ஹசன் இருவரும் ஹெல்மெட்டில் அடிபட்டு, அவர்களுக்குப் பதில் மாற்று ஆட்கள் இறங்கினார்கள். மஞ்ச்ரேக்கர் பிற்பாடு தன் பேச்சுக்காக வருந்தினார், அதற்காக அவரை மதிக்கிறேன்.

தேர்வுக்குழுவில் உட்கார 7 டெஸ்ட், அல்லது 30 முதல்தர ஆட்டம், அல்லது 10 ஒருநாள் ஆட்டத்தோடு 20 முதல்தர ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று கிரிக்கெட் வாரியம் விளம்பரம் கொடுத்தது. வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், தகுதி கேட்கட்டும், நியாயம். ஆனால் 6 டெஸ்டும் 17 ஒருநாள் ஆட்டமும் ஆடிய எம்.எஸ்.கே. பிரசாத் தலைவராக இருந்தபோது, ஆறு டெஸ்ட் ஆடியவருக்கு என்ன தெரியும் என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர்கள். மழை பெய்தால் யார் எத்தனை ரன் எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது டக்வொர்த், லூயிஸ் என்ற இரண்டு புள்ளியியல்காரர்கள். அதற்கு மாற்று முறை கண்டவர் கேரளத்து இன்ஜினீயர் ஜெயதேவன். அவர்கள் கணக்குக்குத்தான் உலகக் கோப்பை வென்ற கேப்டன்களும் கட்டுப்படுகிறார்கள்.

ஆடியவர்தான் பேசலாம் என்பது நிஜமான விதியாக இருந்தால் மிதாலி ராஜ் வாயைத் திறக்கும்போது எங்கள் டீக்கடை எழுந்து நிற்க வேண்டும். 232 ஒருநாள் ஆட்டம், 7,805 ரன். அவர் டிவியில் பேசியபோது எங்கள் பெஞ்சிலிருந்து எழுந்த குரல், "லேடீஸ் கிரிக்கெட் வேறங்க, இது வேற." இத்தனை வருஷத்தில் பெஞ்ச் மாறியிருக்கிறது, மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு.

இதைப் படித்துவிட்டு, நீ எத்தனை மேட்ச் ஆடியிருக்கே என்று என்னைக் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரை நன்றாக இருக்கிறது என்று சொல்ல யாராவது வந்தால், முதலில் அவரிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு அப்புறம் என்னிடம் வாருங்கள்.