காயாத ஆம்ப் பாடுமா? ஓர் ஆராய்ச்சி

பறையைத் தீயில் காய்ச்சி அடிப்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஈரத்தில் தொய்ந்த தோல் சூட்டில் விறைக்கும். வித்தியாசம் தெருமுனை வரை கேட்கும். வால்வு ரேடியோவிலும் வழக்கில்லை. உள்ளே இழை சிவந்து கேத்தோடு சூடானால்தான் எலக்ட்ரான் கிளம்பும். அதுவரை டயல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1954இல் ரீஜென்சி டிஆர்-1 என்ற டிரான்சிஸ்டர் ரேடியோ அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது இந்தக் காத்திருப்பு ஒழிந்தது. குமிழைத் திருகியதும் பாட்டு. அப்படியிருக்க, இழையே இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்பை, ராத்திரி கேட்கப்போகும் இசைத்தட்டுக்காகச் சாயங்காலமே போட்டுவைக்கும் ஒரு கூட்டம் இருப்பது ஏன்? ஈண்டு ஆராயப்படும் பொருள் இதுவே.

இக்கூட்டத்தார் மூவகையர்: அரைமணி போதும் என்பார், இரண்டு மணி வேண்டும் என்பார், அணைக்கவே கூடாது என்பார். மூன்றாமவர் வீட்டு மின்கட்டணம் இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மூவருக்கும் பொதுவான அளவைக் கருவி புறங்கை. ஆம்பின் பக்கவாட்டில் வரிவரியாக நிற்கும் அலுமினியத் தகட்டில், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல் அதை வைத்து, கண்ணை மூடி, "இன்னும் பத்து நிமிஷம்" என்று தீர்ப்புச் சொல்வது மரபு. விருந்தாளிகள் அதுவரை காபி குடிக்கலாம்.

இது வெறும் சடங்கு எனின், அற்றன்று. சிலிக்கான் டிரான்சிஸ்டர் வேலை செய்ய பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே சுமார் 0.65 வோல்ட் வேண்டும். சூடு ஒரு டிகிரி ஏறினால் இந்தத் தேவை ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும். 30 டிகிரிக்கு 60 மில்லிவோல்ட். அற்பம் என்று தள்ளிவிட முடியாது. வோல்டேஜை அப்படியே விட்டுவைத்தால் அந்த 60க்கு மின்னோட்டம் பத்து மடங்குக்குப் பக்கமாக எகிறும். மின்னோட்டம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் மின்னோட்டம் கூடும், முடிவில் புகை வரும். ஆகவே சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றை அந்தத் தகட்டிலேயே திருகிக் காவலுக்கு வைப்பார்கள். தகடு காயக் காய அது பயஸை, அதாவது பேஸுக்குக் கொடுத்துவைக்கும் அந்த வோல்டேஜை, குறைத்துக்கொண்டே வரும்.

ஆனால் காவல்காரனுக்குத் தகவல் தாமதமாகத்தான் போகிறது. டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் சில்லு சட்டென்று சூடாகிவிடும். கிலோக்கணக்கான அலுமினியம் காய அரைமணியும் ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். அதுவரை பயஸ் ஓரிடத்தில் நிற்காது. அலையின் மேல்பாதியைச் சுமக்கும் டிரான்சிஸ்டர் கீழ்ப்பாதிக்காரனிடம் கைமாற்றும் இடத்தில் சின்ன இடறல் ஒன்று கூடும், குறையும். டிஸ்டார்ஷன் மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்கும். மீட்டர்களுக்கே இந்தப் பலவீனம் உண்டு: ஹெச்பி 34401ஏ மல்டிமீட்டருக்குச் சொல்லப்பட்ட துல்லியம், அது ஒரு மணி நேரம் காய்ந்த பிறகுதான் செல்லும்.

காதுக்குத் தெரியுமா என்பதில்தான் வம்பு. நல்ல ஆம்பில் அந்த இடறல் குளிர்ந்த நிலையிலும் மிகச் சிறிது. தவிர, ஒரு மணி நேரத்தில் ஆம்ப் மட்டுமா மாறுகிறது? கேட்பவர் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார், தெருச் சத்தம் அடங்கிவிட்டது, காபி உள்ளே போய்விட்டது. ஒரே மாதிரி ஆம்ப் இரண்டு வாங்கி, ஒன்றைக் காயவைத்து, மற்றதை அப்போதே போட்டு, எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்டால் வழக்கு தீரும். இரண்டாவது ஆம்புக்கு வீட்டில் அனுமதி கிடைப்பதுதான் பாக்கி.

இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் வழக்கையே வேறு வழியில் முடித்தார். 1975இல் வந்த அவருடைய குவாட் 405இல் பெரிய டிரான்சிஸ்டர்களுக்கு பயஸே கிடையாது. அவை செய்யும் பிழையைச் சின்ன கிளாஸ் ஏ ஆம்ப் ஒன்று ஈடுகட்டிவிடும். மறுகோடியில், ஜான் லின்ஸ்லி ஹுட் 1969இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட 10 வாட் கிளாஸ் ஏ ஆம்ப். பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒரே அளவு மின்சாரம் குடித்து, அடுப்பாகக் காய்ந்துகொண்டே இருக்கும். இவ்விரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தால், வீட்டுப் பூனை எதன்மேல் படுக்கும் என்பதில் மட்டும் கட்சிபேதம் இல்லை.