நின்றுகொண்டே எழுதிய விஞ்ஞாபனம்

கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே விளங்கும் பெரிய சர்வதேச விமான நிலையம் ஒன்றின் நிர்வாக சபையார் சமுகத்துக்கு, அவ்விடத்தில் விமானம் மாறுவதற்காக இறங்கி, ஓர் இரவும் மறுநாள் பகலின் பெரும்பகுதியும் தங்களுடைய விருந்தாளியாக இருக்கும் பாக்கியம் பெற்ற பிரயாணி ஒருவன் அநேக வந்தனங்களுடன் எழுதிக்கொள்ளும் விஞ்ஞாபனம்.

தங்கள் நிலையத்தின் பெயரை நான் குறிப்பிடாததை மரியாதைக் குறைவாகக் கருத வேண்டாம். இவ்வகை நிலையங்கள் இன்று பூமண்டலத்தில் பல இருப்பதாலும், அவை யாவும் ஒரே சாஸ்திரத்தைக் கற்று ஒரே விதமாக அனுஷ்டிப்பதாலும், ஒன்றை மட்டும் பெயர் சொல்லிப் பாராட்டினால் ஏனையவை தம்முடைய உழைப்பு மறக்கப்பட்டதாக மனம் வருந்தக்கூடும். ஆகையால் பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இதை வாசிக்கும் எந்த நிர்வாகியும் தமது பெயரைத் தாராளமாக இட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

முதலில் ஜனநெருக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். நள்ளிரவு கடந்து, நியாயமான மனிதர்கள் யாவரும் உறங்கிக்கொண்டிருக்க வேண்டிய வேளையில் நான் வந்து இறங்கியபோது, தங்கள் மண்டபம் தீபாவளிக்கு முந்தின இரவில் சென்னையின் வெளியூர்ப் பேருந்து நிலையம் இருக்கும் கோலத்தில் இருந்தது. எங்கேயோ புயல் அடித்து விமானங்களெல்லாம் தாமதமாகிவிட்டன போலிருக்கிறது என்று பக்கத்தில் நின்றவர் அனுதாபத்துடன் சொன்னார். தங்களைப் பற்றிய அந்த அபவாதத்தை நான் உடனே மறுத்தேன். அன்று எல்லா விமானங்களும் அட்டவணைப்படியே வந்தன என்றும், இந்த நெரிசல் தெய்வச் செயலன்று, மனித புத்தியின் சிருஷ்டியே என்றும் அவருக்கு எடுத்துரைத்தேன். இருபது ஊர்களிலிருந்து வரும் விமானங்களை ஏறக்குறைய ஒரே சமயத்தில் இறக்கி, சிறிது நேரம் கழித்து வேறு இருபது ஊர்களுக்குச் செல்லும் விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பினால், நாற்பது விமானங்களைக் கொண்டே நானூறு ஜோடி ஊர்களை இணைத்துவிடலாம் என்பது கணக்கு. 1978-இல் அமெரிக்கா தனது விமானக் கம்பெனிகளைச் சர்க்காரின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்த பிறகு அங்கே வேரூன்றி, பிற்பாடு எங்கும் பரவிய இந்த ஏற்பாட்டுக்குத் தொழிலில் உள்ளவர்கள் அலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அலை வரும்போது மண்டபம் நிரம்புகிறது. வடியும்போது தரை தெரிகிறது. ஓர் அலையில் ஏற முடியாதவன் அடுத்த அலை வரும்வரை கரையில் கிடக்கிறான். இவ்வாறு கிடக்கச் சம்மதித்ததனாலேயே என் பிரயாணச் சீட்டு மலிவாகக் கிடைத்தது என்பதையும் நான் மறைக்கவில்லை. நேராகப் போவதைவிட வளைந்து போவது செலவில் குறைந்தது என்பது க்ஷேத்திர கணிதத்துக்கு விரோதமாயினும் வாணிபத்துக்கு உகந்ததே.

ஆகவே அலையைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. என்னுடைய ஆராய்ச்சியெல்லாம் ஆசனத்தைப் பற்றியது. அத்தனை பெரிய மண்டபத்தில், செயற்கை நீர்வீழ்ச்சிக்கும், சுழலும் மேடைமீது நின்ற பரிசுக் காருக்கும், வேரோடு பெயர்த்து வந்து நட்ட ஈச்ச மரங்களுக்கும் இடம் இருந்ததைக் கண்டு, மனித தேகம் மடங்கி அமர்வதற்கு உரிய இடம் எங்கே என்று தேடிப் புறப்பட்ட நான், முதலில் இதைக் கவனக்குறைவு என்றே எண்ணினேன். என் அறியாமையைத் தெளிவித்தது ஒரு கையேடு. ஐயாட்டா என்று வழங்கப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் விமான நிலையங்களைக் கட்டுவோருக்கென வெளியிடும் அந்த நூலின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில், விமான வாயிலின் காத்திருப்புக் கூடத்தில் அமர்ந்திருப்பவருக்கு 1.5 முதல் 1.7 சதுர மீட்டரும், நிற்பவருக்கு 1.0 முதல் 1.2 சதுர மீட்டரும் ஒதுக்கி, நூற்றில் 50 முதல் 70 பேர் வரை உட்கார வசதி செய்திருந்தால் அதுவே உத்தம நிலை என்று விதிக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே போனால் குறைபாடு. அதற்கு மேலே போனாலோ, அதுவும் தோஷமே. மிகை நிர்மாணம் என்று அது தள்ளப்படும். அதாவது, நூறு பேருக்கு நூறு நாற்காலி போட்டவன் தர்மவான் ஆகமாட்டான், ஊதாரி ஆவான்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு மணி நேரம் காத்திருந்து விமானம் ஏறப்போகிற கூட்டத்தில் சிலர் வரிசையில் நிற்பார்கள், சிலர் கடையில் இருப்பார்கள், சிலர் கடைசி நிமிஷத்தில் ஓடி வருவார்கள் என்று அனுமானிப்பது புத்திசாலித்தனமே. ஆனால் அலைகளுக்கு நடுவே கரையேறிக் கிடப்பவன் இரவு முழுவதும் வரிசையில் நிற்பான் அல்லது இரவு முழுவதும் வாசனைத் திரவியம் வாங்குவான் என்று அனுமானித்த தீர்க்கதரிசி யாரோ, அவருக்கு என் தனிப்பட்ட நமஸ்காரம்.

இருக்கும் ஆசனங்களின் அமைப்பும் சாமான்யமானதன்று. 1962-இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் தம்பதியர் சிகாகோவின் ஓஹேர் நிலையத்துக்கும் வாஷிங்டனின் டல்லஸ் நிலையத்துக்கும் என்று வடிவமைத்துக் கொடுத்த, ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகக் கோத்த இருக்கைகளின் சந்ததி இவை. அந்தத் தம்பதியர் பிரயாணியின் முதுகைப் பற்றி யோசித்தார்கள். சந்ததியாரோ அவன் முதுகைச் சாய்த்துவிடுவானோ என்பதைப் பற்றியே அதிகம் யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஏனெனில் ஒவ்வோர் இருக்கைக்கும் நடுவே நின்ற உலோகக் கைப்பிடி, கை வைப்பதற்கு மிகவும் குறுகலாகவும், எலும்பில் இடிப்பதற்கு மட்டும் போதுமானதாகவும் இருந்தது. அவற்றின்மீது உறங்கும் வித்தையில் சித்தி பெற்ற இளைஞர் சிலரை அங்கே கண்டேன். கைப்பிடிகளுக்கு மேலும் கீழுமாக உடலை இழைத்துக் கிடந்த அவர்களைப் பார்த்தபோது, நம் நாட்டு ஹடயோகிகள் இதற்காக எத்தனையோ வருஷங்களை வனத்தில் வீணாக்கிவிட்டார்களே என்ற பச்சாதாபமே எனக்கு உண்டாயிற்று.

இவ்விடத்தில் ஒருவரை ஸ்மரிக்காமல் அப்பால் செல்ல முடியவில்லை. ஈரான் நாட்டில் பிறந்த மெஹ்ரான் கரீமி நாசேரி என்பவர், தொடக்கத்தில் தக்க பத்திரங்கள் இல்லாத காரணத்தால் எந்த நாட்டுக்கும் போக முடியாமல் சிக்கி, பாரிஸ் நகரத்துச் சார்ல் து கோல் நிலையத்தின் முதல் முனையத்தில் 1988 முதல் 2006 வரை ஒரு சிவப்பு நிறப் பெஞ்சையே வீடாகக் கொண்டு வாழ்ந்தார். வெளியே சென்று பல வருஷங்கள் கழித்து மறுபடியும் அந்நிலையத்துக்கே திரும்பி, 2022 நவம்பரில் அங்கேயே காலமானார். அவருடைய கதையைக் கேட்பவர்கள் எல்லோரும் ஐயோ பாவம் என்கிறார்கள். நானும் நேற்றுவரை அப்படித்தான் சொல்லிவந்தேன். தங்கள் மண்டபத்தைக் கண்ட பிறகோ, கைப்பிடி இல்லாத ஒரு பெஞ்சு ஒரு மனிதருக்குப் பதினெட்டு வருஷம் கிடைத்தது என்ற பகுதியில்தான் என் மனம் நின்றுவிடுகிறது.

ஆசனத்துக்கு ஏன் இத்தனை பஞ்சம் என்பதற்கு விடை கடைவீதியில் இருக்கிறது. அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்கள் எண்ணெய் போட்டுக்கொள்வதற்காக அயர்லாந்தின் ஷானன் நிலையத்தில் இறங்கியாக வேண்டியிருந்த காலத்தில், அங்கே சும்மா நின்ற பிரயாணிகளைக் கண்ட பிரண்டன் ஓரீகன் என்பவர், 1947-இல் சுங்கவரி இல்லாத கடை ஒன்றைத் திறந்தார். அந்த வித்து இன்று ஆலமரமாகிவிட்டது. கொரோனாவுக்கு முந்திய வருஷங்களில் உலகத்து விமான நிலையங்களின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, விமானத்தோடு நேரடி சம்பந்தம் இல்லாத கடை, வாடகை, வண்டி நிறுத்தும் கட்டணம் முதலிய இனங்களிலிருந்தே வந்தது. உட்கார்ந்திருப்பவன் எதையும் வாங்குவதில்லை; நடப்பவனே வாங்குகிறான். பரிசோதனைச் சாவடியைத் தாண்டியவனை நேரே விடாமல், பாம்புபோல் நெளியும் பாதையில், பளபளக்கும் புட்டிகளுக்கு நடுவே நடத்திச் செல்வதும், அவன் செல்ல வேண்டிய வாயிலின் எண்ணைக் கடைசி வரையில் பலகையில் காட்டாமல் வைத்திருப்பதும் எதற்காக என்பது இப்போது எனக்கு விளங்கிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்குத் தங்கப் பாளமும் ஒட்டகப் பால் சாக்லேட்டும் வாங்கும் சபலம் எனக்கு உண்டாகாமற் போனது முற்றிலும் என்னுடைய குறையே.

தாகத்துக்கும் தாங்கள் தக்க ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கச் சதி நடந்தது கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர் சந்தேகத்துக்கு உரியதாயிற்று. ஒரு விமானத்திலிருந்து இறங்கி மற்றொன்றுக்குப் போகிறவனும் மறுபடி பரிசோதனைக்கு உட்பட்டுத் தன் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு வருகிறான்; சாவடிக்கு அப்பால் அதே தண்ணீர், ஆபத்து நீங்கி, விலை ஏறி, குளிர்ப்பெட்டியில் அவனுக்காகக் காத்திருக்கிறது. இது தங்கள் ஒருவருடைய பெருமை மட்டுமன்று. எங்கள் தேசத்தில் 2024 டிசம்பரில் கல்கத்தா விமான நிலையத்தில் பத்து ரூபாய்க்குத் தேநீரும் இருபது ரூபாய்க்குச் சமோசாவும் விற்கும் ஒரு சிறு கடையைத் திறந்து வைக்க, விமானப் போக்குவரத்து இலாகாவின் மத்திய மந்திரியே நேரில் எழுந்தருள வேண்டியிருந்தது. பத்து ரூபாய்த் தேநீர் ராஜாங்க வைபவமாகிவிட்ட யுகத்தில் நாம் வாழ்கிறோம்.

என்னருகே, மகளின் பிரசவத்துக்காக டெக்ஸாஸுக்குப் புறப்பட்ட திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள் ஒருவர், கைப்பெட்டியின்மேல் ஒரு கையை ஊன்றி நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தார். சுற்றுமுற்றும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இம்புட்டுப் பெரிய எடத்தைக் கட்டினவுக, ஓரமா நாலு திண்ணையைக் கட்டிப் போட்டா என்னவாம்?" என்று கேட்டார். கையேட்டின் 50 முதல் 70 வரையிலான சூத்திரத்தை அவருக்கு விளக்கினேன். "அப்ப மிச்சம் முப்பது பேரு மனுசங்க இல்லியா?" என்றார். இந்தக் கேள்விக்குக் கையேட்டில் பதில் காணப்படவில்லையாதலால், தங்களிடமே அனுப்பிவைக்கிறேன்.

அவர் திண்ணை என்றதும் என் நினைவு ஒரு பழைய கடிதத்தின்மேல் சென்றது. தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னர் 1799-இல் ராஜ்யபாரத்தைக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் ஒப்புவித்த பிறகு, 1801-இல் கும்பினியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் அது. இராமேசுவர யாத்திரை செல்லும் சாலையில் தம் முன்னோர் ஸ்தாபித்த சத்திரங்களையும், அவற்றுக்கு விடப்பட்ட கிராமங்களின் வருமானத்தையும் கும்பினியார் தொடாமல் விட வேண்டும் என்பதே அதன் பிரார்த்தனை. சத்திரத்தில் பிராமணர் முதல் பறையர் வரை வருகிற வழிப்போக்கர் யாவருக்கும் அன்னமிடப்படுகிறது என்றும், சமைத்த சோறு வேண்டாதவர்க்கு அரிசியாகவே அளக்கப்படுகிறது என்றும், நோயுற்று மேலே நடக்க முடியாதவர்கள் குணமாகும்வரை மருத்துவமும் ஆகாரமும் பெறுகிறார்கள் என்றும் அவர் எழுதுகிறார். எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது ஒன்று உண்டு. அன்னமிடுதல் நள்ளிரவு வரை நடக்கும். அப்போது மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து, தமக்கென ஆக்கி வைத்திருப்பதை உண்டு போகும்படி கூவி அழைப்பார்களாம்.

அக்காலத்தை நான் பொற்காலம் என்று வர்ணிக்க முற்படவில்லை. எல்லா ஜாதியாரும் உண்டார்கள் என்றுதான் மன்னர் எழுதுகிறார்; ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள் என்று எழுதவில்லை. அந்த வகையில் தாங்களும் பழைய மரபை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. தங்க அட்டைக்காரர், வெள்ளி அட்டைக்காரர், வங்கி அட்டையின் தயவால் உள்ளே நுழைந்தவர், எந்த அட்டையும் இல்லாத பஞ்சமர் என்று வகுத்து, உறைபனிக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சோபாவும் சுடுசோறும் வைத்திருக்கிறீர்கள். தங்கள் மண்டபத்திலும் அந்த இரவில் மணி ஒலிக்கத்தான் செய்தது. ஆனால் அது, உடைமைகளைக் கவனிப்பாரின்றி விட்டால் அகற்றி அழித்துவிடுவோம் என்று சொல்வதற்கு ஒலித்தது. உடைமைக்கு உரியவர்களைப் பற்றி அதில் பிரஸ்தாபம் இல்லை.

மருத்துவரும் அன்னமும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தங்களுக்குக் கிராமங்கள் விடப்படவில்லை என்பதை அறிவேன், நாங்கள் சீட்டோடு சேர்த்துச் செலுத்தும் நிலையக் கட்டணம் மட்டும்தான் விடப்பட்டிருக்கிறது. நான் கோருவது அற்பமான ஒரு சீர்திருத்தமே. தங்கள் கழிப்பறை வாசலில், ஒரு சிறு கம்பத்தின்மேல், பச்சையில் சிரிப்பதும் சிவப்பில் முகம் சுளிப்பதுமாக நான்கு முகங்கள் கொண்ட இயந்திரம் ஒன்றை நிறுத்தி, வெளியே வருகிறவனின் அபிப்பிராயத்தைக் கேட்கிறீர்கள். அந்த மகத்தான சாம்ராஜ்யத்தில் என் அபிப்பிராயம் கேட்கப்பட்ட இடம் அது ஒன்றுதான். கழிப்பறை நிஜமாகவே பரிசுத்தமாக இருந்தபடியால், நெஞ்சறியப் பொய் சொல்லாமல் பச்சை முகத்தையே அழுத்தினேன். அது இந்நேரம் பிரயாணிகளின் பரிபூரண திருப்தி என்று தங்கள் மாதாந்தர அறிக்கையில் ஏறியிருக்கும்.

அதே மாதிரியான இயந்திரம் ஒன்றை ஆசனங்கள் உள்ள கூடத்திலும் நிறுத்தி வைக்க உத்தரவாக வேண்டும். அமர்ந்திருப்பவன் அதை அழுத்துவதற்கென்று எழுந்தால் ஆசனம் பறிபோய்விடுமாதலால் எழமாட்டான். நிற்பவர்களின் வாக்கு மட்டுமே பதிவாகும். அது நியாயமான தேர்தல் ஆகாது என்று தாங்கள் ஆட்சேபிக்கலாம். அவ்வாறாயின் நூற்றுக்கு எழுபது வாக்குகளைத் தாங்களே பச்சையில் எழுதிக்கொள்ளுங்கள். மிச்சத்தை மட்டும் எண்ணினால் போதும்.

இப்படிக்கு,
மேற்படி முப்பதில் ஒருவன்.