கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் மரபு: ஓர் ஏரியியல் ஆய்வு

1. ஆய்வின் தேவை

அமெரிக்கக் கால்பந்தில் ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்கு வந்துபோன தலைமைப் பயிற்சியாளர்களைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காத இடத்தில்தான் ஆய்வு செழிக்கும் என்பது பல்கலைக்கழக வளாகங்களில் நடமாடியோர் அறிந்ததே. எனவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வெல்லை 1946இல் தொடங்கி, 2020இல் பொறுப்பேற்ற கெவின் ஸ்டெஃபான்ஸ்கியோடு முடிகிறது. அதற்குப் பிந்தியது செய்தி. ஆறிப்போன பிறகே வரலாறு ஆகும். முதன்மை ஆதாரம் இக்கட்டுரை. துணைமை ஆதாரம் இக்கட்டுரையின் முந்தைய பத்திகள். ஆட்டம் பார்த்தால் நடுநிலை கெடும் என்பதால் ஆட்டம் எதுவும் பார்க்கப்படவில்லை. மூலத்தைத் தொடாமலே உரைக்கு உரை எழுதி மணிவிழா மலர் கண்ட பெரியோர் காட்டிய நெறி இது.

2. எண்ணிக்கைச் சிக்கல்

மேற்படி எல்லைக்குள் தலைமைப் பயிற்சியாளர்கள் 18 பேர் என்பர் ஒரு சாரார். 22 பேர் என்பர் மறு சாரார். சீசன் நடுவே ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்ச ஆட்டங்களுக்கு மட்டும் உட்காரவைக்கப்பட்ட நால்வரைச் சேர்ப்பதா விடுவதா என்பதே சிக்கல். டிக் மோட்ஸெலெவ்ஸ்கி (1977), ஜிம் ஷோஃப்னர் (1990), டெர்ரி ராபிஸ்கி (2004), கிரெக் வில்லியம்ஸ் (2018) ஆகிய இந்நால்வரும் இடைச்செருகல். செம்பதிப்பில் நீக்கப்பட வேண்டியவர்கள். அதிலும் மோட்ஸெலெவ்ஸ்கி நடத்தியது ஒரே ஓர் ஆட்டம். ஒரே ஒரு தனிப்பாடல் கிடைத்த புலவருக்குக்கூட ஊர், குலம், காலம், சமயம் நான்கையும் நிறுவி 300 பக்கம் எழுதும் மரபு நம்மிடம் உண்டு. இடமின்மையால் இங்கே அது தவிர்க்கப்படுகிறது.

இருபத்து மூன்றாவதாக ஒருவரும் உளர். 2021 ஜனவரி 10 அன்று பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தின்போது ஸ்டெஃபான்ஸ்கிக்குக் கொரோனா. அவர் வீட்டு நிலவறையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். மைக் பிரீஃபர் என்ற உதவிப் பயிற்சியாளர் களத்தில் நின்று அணியை நடத்தினார். பிரவுன்ஸ் 48–37 என வென்றது. 1995 புத்தாண்டு நாளுக்குப் பிறகு அந்த அணி கண்ட முதல் பிளேஆஃப் வெற்றி அது. இதனால் அறியப்படுவது: தலைமைப் பயிற்சியாளர் மைதானத்தில் இல்லாதிருத்தல் வெற்றிக்கு ஒரு காரணம் ஆகலாம். (நோக்குக: இக்கட்டுரை, முந்தைய வாக்கியம்.)

3. காலப்பகுப்பு

காலத்தை மூன்றாகப் பகுப்பது தமிழாய்வின் கடமை. நடுவில் ஒரு கடல்கோளும் வேண்டும். நல்வாய்ப்பாக, கிளீவ்லாந்து இரண்டுக்கும் இடம் தருகிறது.

3.1 முதற்காலம் (1946–1962)

இக்காலத்தில் பயிற்சியாளர் ஒருவரே: பால் பிரவுன். அணிக்குப் பெயரே அவர் பெயர்தான். ஆல்-அமெரிக்கா லீக் நடந்த நான்கு ஆண்டிலும் நான்கு கோப்பை. 1948இல் ஆடிய 14 ஆட்டத்திலும் இறுதிப் போட்டியிலும் வெற்றி. 1950இல் என்எஃப்எல் என்ற பெரிய லீக்குக்குள் நுழைந்த ஆண்டே கோப்பை. மறுபடி 1954, 1955. வீரர்களை வகுப்பறையில் உட்காரவைத்துக் குறிப்பெடுக்கச் சொன்னவர், ஆட்டப் படச்சுருளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தவர். 1956இல், பந்தை எறியும் வீரரான குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்தார். லீக் தலைவர் தடை போட்டார். 1994இல் அதே லீக் அதே ரேடியோவை அனுமதித்தது. முதலில் கண்டுபிடித்தவருக்குக் கண்டனமும் முப்பத்தெட்டு ஆண்டு கழித்து எடுத்தவருக்கு அங்கீகாரமும் கிடைப்பது ஆய்வுலகத்தார்க்குப் புதிதன்று.

1961இல் அணியை வாங்கிய ஆர்ட் மோடெல், 1963 ஜனவரியில் அவரை வெளியேற்றினார். அப்போது கிளீவ்லாந்தில் பத்திரிகை வேலைநிறுத்தம். செய்தி அச்சாகவே வழியில்லை. பெயர்ப்பலகையில் இருப்பவரை வேலையை விட்டு நீக்கிவிட்டுப் பலகையை மட்டும் வைத்துக்கொண்ட நிகழ்வு இது. பிரவுன் சும்மா இருக்கவில்லை. அதே மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் சின்சினாட்டி பெங்கால்ஸ் என்று ஓர் அணியைத் தொடங்கி 1968இல் களமிறக்கினார். 2000 முதல் 2022 வரை அந்த அணியின் மைதானத்துக்குப் பால் பிரவுன் ஸ்டேடியம் என்றே பெயர். ஆகவே அங்கு இவ்விரு அணிகள் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர் பெயர் தாங்கிய அணி, அவர் பெயர் தாங்கிய மைதானத்தில், அவர் உருவாக்கிய அணியோடு மோதியது. எதிரணி யார் என்பதில் உரையாசிரியர்கள் குழம்பியதில் வியப்பில்லை.

3.2 இடைக்காலம் (1963–1995)

பிளான்டன் காலியர் (1963–70): இந்த அணி கடைசியாக வென்ற கோப்பை இவருடையது, 1964இல் பால்டிமோர் கோல்ட்ஸை 27–0 என வீழ்த்தினார். இவருக்குக் காது மந்தம். உரிமையாளர் பேசுவது காதில் விழாததால்தான் கோப்பை வந்தது என்று கொள்வாரும் உளர். அது பொருந்தாது, அவர் உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்.

நிக் ஸ்கோரிச் (1971–74): இருந்தார்.

ஃபாரஸ்ட் கிரெக் (1975–77): இங்கிருந்து போன பின் பெங்கால்ஸை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு அழைத்துச் சென்றார்.

சாம் ருட்டிலியானோ (1978–84): காண்க, பகுதி 4. அவசரப்படுவோர் இப்போதே காணலாம்.

மார்ட்டி ஷாட்டன்ஹைமர் (1984–88): இரண்டு முறை சூப்பர் பௌலின் வாசல்படி வரை போனார். 1987 ஜனவரியில் ஜான் எல்வே 98 கெஜம் நடந்து வந்து தடுத்தார்; மறு ஆண்டு சொந்த அணி வீரர் கையிலிருந்தே பந்து நழுவியது.

பட் கார்சன் (1989–90): ஸ்கோரிச்சைப் போலவே.

பில் பெலிசெக் (1991–95): ஊரின் செல்லப்பிள்ளையான குவாட்டர்பேக் பெர்னி கோசாரை 1993இல் வெளியேற்றி, ஊரின் வசவை வாங்கிக் கட்டிக்கொண்டவர். இவர் கணக்கு 36 வெற்றி, 44 தோல்வி. பிறகு நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸில் ஆறு சூப்பர் பௌல். 36–44 காரரும் ஆறு கோப்பைக்காரரும் ஒருவராதல் இயலாது. ஔவையார் பலர் என்று எந்த முறையியலால் நிறுவினோமோ அதே முறையியலால், பெலிசெக் இருவர் என்பது ஈண்டு நிறுவப்படுகிறது. வலுவான அகச்சான்றும் உண்டு: 1995 புத்தாண்டு நாளில் முதலாம் பெலிசெக்கின் அணி, பிற்பாடு இரண்டாம் பெலிசெக்கின் அணியாகப்போகும் பேட்ரியட்ஸைத் தோற்கடித்தது. ஒருவர் தம் அணியைத் தாமே தோற்கடிப்பாரா? (நோக்குக: இக்கட்டுரை, பகுதி 3.2, இதே பத்தி, மூன்று வாக்கியங்களுக்கு முன். அதை மறுப்போர் இதே பத்தியை மறுபடி நோக்குக.)

3.3 கோள் (1996–1998)

மோடெல் அணியைப் பெயர்த்துக்கொண்டு பால்டிமோருக்குப் போனார். வீரர்களும் ஒப்பந்தங்களும் போயின; பெயர், நிறம், சாதனைப் பட்டியல், வரலாறு ஆகியவை கிளீவ்லாந்திலேயே இருக்க வேண்டும் என்று உடன்படிக்கை ஆயிற்று. மூன்று ஆண்டுகள் ஊரில் வரலாறு இருந்தது, ஆடுவதற்கு ஆள் இல்லை. வெறும் பழம்பெருமையைக் கொண்டே ஓர் இனம் காலம் தள்ளலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

3.4 கடைக்காலம் (1999–)

கிறிஸ் பாமர், புட்ச் டேவிஸ், ரோமியோ கிரெனல், எரிக் மஞ்சீனி, பாட் ஷெர்மர், ராப் சட்ஜின்ஸ்கி, மைக் பெட்டின், ஹியூ ஜாக்சன், ஃபிரெடி கிச்சன்ஸ். இடைச்செருகல் நீங்கலாக, 21 சீசனுக்கு ஒன்பது பேர். பால் பிரவுன் ஒருவரே 17 சீசன் இருந்தார். சட்ஜின்ஸ்கி சிறுவயது முதல் பிரவுன்ஸ் ரசிகர். 2013இல் ஒரே சீசன். கடைசி ஆட்டம் முடிந்த அன்றிரவே வேலை போயிற்று.

கிச்சன்ஸ் தனித்துக் குறிக்கத்தக்கவர், கல்வெட்டியல் நோக்கில். 2019 நவம்பரில் ஸ்டீலர்ஸுடன் நடந்த ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த மோதலுக்கு முன் ஒரு நாள் இவர் சினிமாவுக்குப் போனார். மேல்சட்டைக்குள் அணிந்திருந்த டி-ஷர்ட்டில் ‘ஆரம்பித்தது பிட்ஸ்பர்க்தான்’ என்ற பொருளில் எழுதியிருந்தது. அதைப் படம்பிடித்து ஊரெங்கும் பரப்பினர். அந்த அடுத்த மோதலில் பிரவுன்ஸ் தோற்றது. சீசன் முடிந்ததும் கிச்சன்ஸ் வெளியேறினார். கல்லில் வெட்டாமல் பருத்தியில் அச்சிட்டதால் சாசனம் நிலைக்கவில்லை என்க.

4. ஏரிக் கொள்கை

இனி இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு. கிளீவ்லாந்து மைதானம் ஈரி ஏரியின் கரையில் நிற்கிறது. பயிற்சியாளர் மரபை ஆராய்ந்தோர் அனைவரும் மைதானத்தைப் பார்த்தனர். ஏரியைப் பார்த்தவர் இலர்.

1981 ஜனவரி 4. ஓக்லாண்ட் ரெய்டர்ஸுடன் பிளேஆஃப். கொடுங்குளிர். கடைசி நிமிடத்தில் பிரவுன்ஸ் 12, ரெய்டர்ஸ் 14. பந்து எதிரணியின் 13 கெஜக் கோட்டில். ஓர் உதை விழுந்தால் வெற்றி. ஆனால் அன்று உதைகள் பலமுறை பிசகியிருந்தன. எனவே ருட்டிலியானோ பந்தை எறியச் சொன்னார். யாரும் தோதாக இல்லையென்றால் பந்தை ஈரி ஏரிக்குள் எறிந்துவிடு என்பது குவாட்டர்பேக் பிரையன் சைப்புக்கு அவர் இட்ட கட்டளை. சைப் எறிந்தார். பந்து ஏரிக்குப் போகவில்லை. எதிரணியின் மைக் டேவிஸ் கைக்குப் போனது.

ஏரிக்கு வாக்களித்தது ஏரிக்குச் சேரவில்லை. கடன் நின்றது.

2016: ஹியூ ஜாக்சன் வந்தார். 1 வெற்றி, 15 தோல்வி. மறு ஆண்டும் இதே 1–15 வந்தால் ஏரியில் நீந்துவேன் என்று சூளுரைத்தார். 2017இல் 1–15 வரவில்லை. 0–16 வந்தது.

இங்கே மூன்று பள்ளிகள் பிரிகின்றன. நிபந்தனைப் பள்ளியினர், சூளுரைத்தது 1–15க்கு, வந்தது 0–16, ஆகவே நீந்த வேண்டா என்பர். உள்ளடக்கப் பள்ளியினர், பதினாறில் பதினைந்து அடங்கும், ஆகவே நீந்தியே தீர வேண்டும் என்பர். கடன் பள்ளியினர் (தலைவரும் ஒரே உறுப்பினரும் இக்கட்டுரையாளர்) சூளுரையே பொருட்டன்று, 1981இல் பந்து அடைக்காத கடனைப் பயிற்சியாளர் அடைக்க நேர்ந்தது என்பர். (நோக்குக: இக்கட்டுரை, பகுதி 4, மூன்றாம் பத்தி, அதற்கு இக்கட்டுரையாளர் மனத்துக்குள் எழுதிய விளக்கம், அவ்விளக்கத்தின் மீது அவரே எழுப்பிய தடை, தடைக்கு விடை, விடை திருத்திய இரண்டாம் பதிப்பு, அச்சில்லை.)

இடையில் ஒரு சடங்கும் நடந்தது. 2018 ஜனவரி 6 அன்று உறைகுளிரில் ரசிகர்கள் ‘குறைவற்ற சீசன்’ ஊர்வலம் எடுத்து மைதானத்தைச் சுற்றினர். சுற்றிய வழி ஒரு பெரிய 0. அவர்கள் வலம் வந்தனரா இடம் வந்தனரா என்பது தனி முனைவர் பட்டத்துக்குரிய பொருள். நெறியாளர் தேவை.

2018 ஜூன் 1 அன்று ஜாக்சன் ஏரியில் இறங்கினார். அணி ஊழியர்களும் உடன் இறங்கினர். தம் அறக்கட்டளைக்கு அதை ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சியாகவும் ஆக்கிக்கொண்டார். பலன்? செப்டம்பரில் முதல் ஆட்டம், ஸ்டீலர்ஸுடன், 21–21: சமன். வெற்றியும் அன்று, தோல்வியும் அன்று. ஈரி ஏரி பாவத்தைப் பாதிதான் கழுவும் என்பது இதனால் ஐயந்திரிபற விளங்கும். அக்டோபர் இறுதியில் ஜாக்சன் வெளியேற்றப்பட்டார். மொத்தக் கணக்கு 3–36–1. அதே வீரர்களை வைத்துக்கொண்டு இடைச்செருகலான வில்லியம்ஸ் ஐந்தில் வென்று மூன்றில் தோற்றார். வில்லியம்ஸ் குளித்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

5. நாற்றங்கால் இயல்

1969 முதல் 2024 முடிய பிட்ஸ்பர்க்கில் தலைமைப் பயிற்சியாளர்கள் மூவரே. முதல்வரான சக் நோல் கிளீவ்லாந்தில் பிறந்து, பால் பிரவுனிடம் ஆடி, அவர் சொல்லும் வியூகத்தைக் களத்துக்குக் கொண்டு ஓடியவர். இரண்டாமவரான பில் கவர் பிரவுன்ஸில் ஆடி, ஷாட்டன்ஹைமரிடம் வேலை கற்றவர். கோல்ட்ஸுக்கும் ஜெட்ஸுக்கும் கோப்பை தந்த வீப் யூபேங்க் பிரவுனின் உதவியாளர். டான் ஷூலா பிரவுன்ஸின் பழைய வீரர். ஆக, நாற்று கிளீவ்லாந்தில், அறுவடை அண்டை வயலில். பயிற்சியாளரை மாற்றினால் விளைச்சல் மாறும் என்று நம்பிய உரிமையாளர்கள் நாற்றை முளைவிட்டதும் பிடுங்கிப் பார்த்ததே காரணம். வேர் பிடித்ததா என்று பார்க்கத்தான் பிடுங்கினார்களாம். இவ்வளவு எளிய காரணம் ஆய்வேட்டுக்குத் தகாது என்பதால் முடிவுரையில் சேர்க்கப்படவில்லை.

6. முடிவுகளும் பரிந்துரைகளும்

அ. பெலிசெக் இருவர்.

ஆ. காலம் மூன்று.

இ. கிளீவ்லாந்தில் இவ்வேலைக்கு விண்ணப்பிப்போர் நீச்சல் சான்றிதழ் இணைக்க வேண்டும்.

ஈ. மேலாய்வுக்கு இடமுண்டு. நிதியும் வேண்டும்.

இக்கட்டுரையில் எந்த மேற்கோளும் தேவைப்படாத செய்தி ஒன்றே: இத்தனை பேர் வந்துபோன கிளீவ்லாந்து பிரவுன்ஸ் இதுவரை ஒரு சூப்பர் பௌலில்கூட ஆடியதில்லை.