வாடகைக்கு விடப்படும், சைவம் மட்டும்

சென்னை வீட்டு உரிமையாளர்களை நாம் போதுமான அளவு கொண்டாடுவதில்லை. 'டு-லெட்' பலகையில் "சைவம் மட்டும்" என்று எழுதித் தொங்கவிட்டு, உயிர்களைக் காக்கும் பொறுப்பைத் தாங்களே ஏற்றுக்கொண்டவர்கள். திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கு 10 குறளோடு நிறுத்திக்கொண்டார். இவர்கள் 11 மாத ஒப்பந்தமே போடுகிறார்கள். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 3 மாத முன்பணத்தைப் பற்றிப் பேசுகிறது. ஜீவகாருண்யம் 10 மாதம் கேட்கிறது. கொள்கைக்கு விலை வேண்டாமா?

சோதனையும் கறாரானது. பெயரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், "நீங்க... என்ன ஆளுங்க?" என்று இழுப்பார்கள். எல்லாம் கோழியின் நலன் கருதித்தான். மாடிப்படியில் நின்று மோப்பம் பிடித்தே அவித்த முட்டையா, ஆம்லெட்டா என்று சொல்லிவிடும் பெரியவர்கள் மாம்பலத்தில் இருக்கிறார்கள். அந்த மூக்குகளை நாட்டுடைமை ஆக்கலாம். பாக்கெட்டில் பச்சைப் புள்ளியும் பழுப்பு முக்கோணமும் அச்சடிக்கும் செலவு மிச்சம்.

அடுத்த கட்டமும் இருக்கிறது. பூனையிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கலாம். பல்லிக்கு முதல் கொசுவுக்கு எச்சரிக்கை, இரண்டாவது கொசுவுக்குக் காலி செய்யும் நோட்டீஸ்.

வீட்டுக்கார அம்மாவிடம் மட்டும் முகூர்த்த நாளில் இதையெல்லாம் பேசாதீர்கள். காஞ்சிபுரம் பட்டில் இருப்பார். ஆயிரக்கணக்கான புழுக்கள் கூட்டோடு வெந்நீரில் வெந்து கொடுத்த சேலை. "சுத்தமான பட்டு, மடிக்கு இதுதான் உசத்தி" என்பார். வாஸ்தவம்தானே. வெந்தது வாடகை வீட்டு அடுப்பில் இல்லை. ஒப்பந்தம் மீறப்படவில்லை.