போட்டியே இல்லாத ஆட்டம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டின். அங்குள்ள டெக்சஸ் பல்கலைக்கழக வளாகத்தில் மூடி சென்டர் என்று ஓர் உள்ளரங்கம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் திறந்தார்கள். செலவு சுமார் 37.5 கோடி டாலர். கூடைப்பந்து என்றால் பத்தாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். இசைக் கச்சேரி என்றால் பதினையாயிரத்தைத் தாண்டும். ஆட்டத்தன்று மேல்தட்டு இருக்கைகளைத் திரைபோட்டு மறைத்து அரங்கைச் சிறிதாக்கிவிடலாம். எதை எப்போது மறைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் கட்டியிருக்கிறார்கள்.

திறப்பு விழாவுக்கு ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டும் வில்லி நெல்சனும் வந்து பாடினார்கள். நடிகர் மேத்யூ மெக்கானஹே இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் ‘பண்பாட்டு அமைச்சர்’ என்ற பட்டத்தோடு அரங்கத்தின் முகமாகவும் வலம் வந்தார். பண்பாட்டுக்கு அமைச்சர் போட்டவர்கள், டெண்டர் பெட்டிக்கு ஒரு வாட்ச்மேன் போட்டிருக்கலாம்.

ஏற்பாட்டைக் கேட்டால் யாருக்கும் வாயூறும். நிலம் பல்கலைக்கழகத்துடையது. கட்டுவதற்கு நிதி திரட்டுவதும், கட்டியபின் நடத்துவதும் ஓக் வியூ குரூப் என்ற தனியார் நிறுவனத்தின் பாடு. வருமானத்தில் அதற்குப் பங்கு உண்டு. மூடி அறக்கட்டளை 13 கோடி டாலர் கொடுத்துத் தன் பெயரைப் பொறித்துக்கொண்டது. கைக்காசு போடாமல் பல்கலைக்கழகத்துக்கு அரங்கம் கிடைத்தது. இவ்வளவு நல்ல பேரத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு எத்தனை நிறுவனங்கள் வரிசையில் நின்றிருக்கும்? தகுதிபெற்ற ஏலதாரர் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார்.

ஏன் என்று 2025 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை குற்றப்பத்திரிகையில் எழுதியது. ஓக் வியூவின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி டிம் லைவிக்கி, போட்டிக்கு வரவிருந்த இன்னொரு நிறுவனத்தின் தலைவரோடு முன்கூட்டியே பேசி முடித்தார், நீ ஏலத்தில் இறங்காதே, அரங்கம் வந்ததும் துணை ஒப்பந்தம் தருகிறேன் என்று உடன்பாடு ஏற்பட்டது, அவர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். இதுதான் குற்றச்சாட்டு. கூடைப்பந்துக்காகக் கட்டிய அரங்கில், முதல் ஆட்டம் செங்கல் வைப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. எதிரணி மைதானத்துக்கே வரவில்லை. நடுவராக நின்ற பல்கலைக்கழகம் கைதட்டிக் கோப்பையைக் கொடுத்தது.

லைவிக்கி தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. மறுக்கட்டும். மறுப்பைச் சோதிக்கத்தானே நீதிமன்றம்? 1890இல் இயற்றிய ஷெர்மன் சட்டத்தின்படி ஏலத்தில் கூட்டுச் சதி செய்வது பத்தாண்டு வரை சிறைக்கும் 10 லட்சம் டாலர் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். நிறுவனங்களோ சிறைக்குப் போவதில்லை. ஓக் வியூ 1.5 கோடி டாலரும், போட்டியிலிருந்து விலகிய லெஜெண்ட்ஸ் நிறுவனம் 15 லட்சம் டாலரும் கட்டச் சம்மதித்து வழக்கிலிருந்து கழன்றுகொண்டன. 37.5 கோடிக்கு 1.5 கோடி என்றால் நூற்றுக்கு நான்கு. கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கும் மாணவனிடம் ‘சேவைக் கட்டணம்’ என்று பிடுங்குவது இதைவிட அதிகம்.

மிச்சம் இருந்தது விசாரணை ஒன்றுதான். யார் யாருக்கு என்ன எழுதினார்கள், எந்த அறையில் எது முடிவானது, பல்கலைக்கழகத்தில் ஒருவருக்குமே சந்தேகம் வரவில்லையா என்பதெல்லாம் சாட்சிக் கூண்டில் வெளிவந்திருக்கும். 2025 டிசம்பரில் அதிபர் டிரம்ப் லைவிக்கிக்கு முழு மன்னிப்பு வழங்கினார். குற்றம் சாட்டிய நீதித்துறை யாருடையது? அதே டிரம்ப் அரசின் நீதித்துறை. ஒரே வீட்டில் வலது கை பிடித்ததை ஐந்தே மாதத்தில் இடது கை விடுவித்தது. குற்றவாளி என்று தீர்ப்பு வரவில்லை, நிரபராதி என்றும் வரவில்லை. குற்றமே செய்யவில்லை என்றவருக்கு எதற்கு மன்னிப்பு என்று கேட்கிறீர்களா? அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒரே இடத்தைத்தான் மூடிவிட்டார்களே.

இதே வளாகம் எல்லாரிடமும் இவ்வளவு தாராளமாக நடந்துகொள்வதில்லை. 2024 ஏப்ரல் 24 அன்று பாலஸ்தீனத்துக்கு ஆதரவாகப் புல்வெளியில் கூடியவர்கள் மீது கலவரத் தடுப்புக் கவசத்தோடு மாநிலக் காவல்துறை பாய்ந்தது. 57 பேரைக் கைதுசெய்தார்கள். அத்துமீறி நுழைந்தார்களாம். அவர்களின் இடம் சிறைதான் என்று அன்றே எழுதினார் மாநில ஆளுநர் கிரெக் அபட். வழக்குகள் நிற்காமல் கைவிடப்பட்டன என்றாலும் விலங்கு மாட்டியது மாட்டியதுதான். புல்லில் உட்கார்ந்தவனுக்குக் கைவிலங்கு. பல்கலைக்கழகத்தையே ஏமாற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதிபரின் கையெழுத்து.

பரம்பரைக் குணம் என்றுதான் சொல்ல வேண்டும். மூடி சென்டருக்கு முன் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு இருந்த அரங்கத்தின் பெயர் ஃபிராங்க் எர்வின் சென்டர். 1969இல் விளையாட்டு மைதானத்தை விரிவாக்க வாலர் ஓடைக்கரை மரங்களை வெட்ட வந்தபோது மாணவர்கள் கிளைகளில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பல்கலைக்கழக ஆட்சிமன்றத் தலைவராயிருந்த எர்வின், தானே நேரில் நின்று அவர்களைக் காவலர்களைக் கொண்டு இறக்கினார். 27 பேர் கைதானார்கள், மரங்கள் சாய்ந்தன. மரத்தில் ஏறியவர்களின் பெயரை யாரும் எங்கும் பொறிக்கவில்லை. இறக்கியவரின் பெயரில் அரங்கமே இருந்தது.

கள்ளனும் தோட்டக்காரனும் ஒன்றுசேர்ந்தால் விடிய விடியத் திருடலாம் என்பார்கள். இங்கே விடிந்த பிறகு வந்து கையெழுத்துப் போடவும் ஒருவர் இருக்கிறார். இந்தப் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் ஷெர்மன் சட்டத்தை நடத்தப்போகும் பேராசிரியர்களை நினைத்தால்தான் பரிதாபம். பாடத்துக்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் போதும். தண்டனைப் பகுதி வரும்போது மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. அதிபரின் மன்னிப்பு கூட்டாட்சிக் குற்ற வழக்கைத்தான் துடைக்கும். உரிமையியல் வழக்குக்கும் மாநிலச் சட்டத்துக்கும் அது தடையில்லை. டெக்சஸ் பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம். அதன் ஆவணங்களுக்குப் பொதுத் தகவல் சட்டம் பொருந்தும். அந்த ஏலம் எப்படி நடந்தது, ஒருவரே மிஞ்சியபோது அதிகாரிகள் என்ன எழுதினார்கள் என்பதைப் பல்கலைக்கழகம் தானாகவே முன்வந்து வெளியிட வேண்டும். ஏமாந்தவர்கள் நாங்கள் என்றால் கோப்பைத் திறக்க ஏன் தயங்க வேண்டும்? திறக்க மறுத்தால், ஏமாந்தவர்கள் பட்டியலிலிருந்து பல்கலைக்கழகத்தின் பெயரை அடித்துவிட்டு வேறு பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.